டிராயிங் போய்விட்டதா? கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள்

ஓசூர் சிப்காட் பக்கம் சின்னதாக மெஷின் ஷாப் போடுகிற எல்லோருக்கும் ஒரு நாள் அந்தப் போன் வரும். மூன்று வருடமாக உங்களிடமே ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டை வேறொரு இடத்தில் பீசுக்கு நாலு ரூபாய் குறைத்துத் தருகிறார்களாம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். விசாரித்தால், போன மாதம் கணக்கு முடித்துக்கொண்டு போன செட்டர் (மெஷினை ஒவ்வொரு பார்ட்டுக்கும் தயார் செய்து கொடுப்பவர்) அங்கேதான் இருப்பார். டிராயிங்கையும் மெஷின் புரோகிராமையும் எடுத்துப் போயிருப்பாரோ என்று சந்தேகம் வரும். அடுத்த ஒரு மணி நேரத்தில் முதலாளி பதற்றத்தில் செய்கிற காரியத்தை ஒரு காலத்தில் நாங்களும் செய்தோம். இன்றைக்கும் புதியவர்கள் அதையேதான் செய்கிறார்கள். பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாதீர்கள் என்பது போன்ற விஷயங்களை விட்டுவிடுகிறோம். அவை எல்லோருக்கும் தெரியும்.

எது ரகசியம் என்று முடிவு செய்யாமல் இருப்பது

டிராயிங் வாடிக்கையாளருடையது. அது நாலு சப்ளையரிடம் இருக்கும். உங்கள் சொத்து வேறு: பார்ட்டைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரின் டிசைன், வெட்டும் முனையான இன்சர்ட் எந்த கிரேடு, என்ன ஸ்பீடு, என்ன ஃபீடு (டூல் நகரும் வேகம்), எந்த ஆபரேஷன் முதலில், ரேட் போடுகிற எக்ஸெல் ஷீட். ஏற்றி இறக்குவதையும் சேர்த்து 4 நிமிடம் 20 விநாடி எடுத்த வேலையை 3 நிமிடம் 35 விநாடிக்கு இறக்கினால், எட்டு மணி நேர ஷிஃப்டில் 110 பீஸ் 133 ஆகிறது. அந்த நாலு ரூபாய் இங்கிருந்துதான் வருகிறது.

கோர்ட்டுக்குப் போனால் முதலில் கேட்பது, இதை ரகசியமாக வைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான். ஒரே பக்கத்தில் பட்டியல், யார் யாரிடம் எது இருக்கிறது, அவர்கள் கையெழுத்து. இதாவது கையில் இருக்க வேண்டும். செட்டர் பெரும்பாலும் திருடுவதாகவே நினைப்பதில்லை, ‘நான் எழுதின புரோகிராம்தானே’ என்பார். அந்தப் பேச்சை சேர்கிற அன்றே பேசி முடித்துவிட வேண்டும்.

பாண்டை நம்புவது

‘வேலையை விட்டபின் இரண்டு வருடம் இதே தொழிலில் சேர மாட்டேன்’ என்ற பாண்டு 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு முன் நிற்காது. ரகசியம் காக்கும் ஷரத்து நிற்கும். அதை எழுதுங்கள்.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பது

இனி எங்களை இன்னும் எரிச்சல்படுத்துகிற விஷயம். சந்தேகம் வந்தவுடன் முதலாளி போய் அந்த ஆளுடைய கம்ப்யூட்டரை ஆன் செய்வார். ஃபோல்டர் ஃபோல்டராகத் திறப்பார். ‘கம்ப்யூட்டர் தெரிந்த’ மச்சினரைக் கூப்பிடுவார். மச்சினர் ஆன்டிவைரஸ் ஓட்டுவார், அழிந்த ஃபைலை மீட்கிற இலவச மென்பொருளை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்வார். மாலைக்குள் சாட்சி முக்கால்வாசி போய்விடும்.

காரணம் எளிது. விண்டோஸ் ஆன் ஆகும்போதே டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். ஒரு ஃபைலைத் திறந்தால், கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்ற குறிப்பு மாறிவிடலாம். எஸ்எஸ்டி என்றால் இன்னும் மோசம்: அழித்த ஃபைல்களின் இடத்தை டிரிம் என்ற கட்டளை காலி என்று குறித்திருக்கும், மின்சாரம் இருக்கும்போது டிஸ்க் அதை நிஜமாகவே துடைத்துவிடும். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று விண்டோஸ் குறித்துவைக்கும் செக்யூரிட்டி லாக் சாதாரணமாக 20 எம்பிதான். நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதும். ஆள் 10ஆம் தேதி போனார், ஃபைல் 14ஆம் தேதி திறக்கப்பட்டிருக்கிறது. எதிர்தரப்பு வக்கீலுக்கு இந்த ஒரு வரி போதும்.

கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் அணைந்தே இருக்கட்டும். ஓடிக்கொண்டிருந்தால் திரையைப் போனில் படமெடுங்கள். அதன் கடிகாரத்துக்கும் உங்கள் போன் கடிகாரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை ரவுட்டரில் அணையுங்கள். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்து (பூட்டெழுத்தில் இருந்து), அதைத் திறக்கும் ரெக்கவரி கீ கையில் இல்லையென்றால், நிபுணர் வரும்வரை அணைக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் அணைந்த பிறகு டிஸ்க்கைக் கழற்றி, அதன் சீரியல் நம்பரை எழுதி, கவரில் போட்டு ஒட்டி, இரண்டு பேர் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டு பீரோவில் பூட்டுங்கள். யார் எடுத்தாலும் வைத்தாலும் அந்தக் காகிதத்தில் ஒரு வரி ஏற வேண்டும். வேலை நிற்கக் கூடாதே என்றுதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். புது டிஸ்க் போட்டு பேக்கப்பை ஏற்றினால் மறுநாள் வேலை நடக்கும்.

நிபுணர் டிஸ்க்கில் எதுவும் எழுதவிடாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் வைத்து முழு நகல் எடுப்பார், ஹாஷ் எண் போடுவார். டிஸ்க்கில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த ஹாஷ் எண்ணைக் கேட்கிறார்கள். ஒரு பகுதியை நீங்களும் இன்னொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். பிறகுதான் புகார். மச்சினர் கை வைக்காத டிஸ்க்கில், எந்த பென்டிரைவ் முதன்முதலில் எப்போது செருகப்பட்டது என்பது அதன் சீரியல் நம்பரோடு சிக்க வாய்ப்பு அதிகம். அழித்த ஃபைல் கிடைக்காவிட்டாலும் அது பேசும்.

ராஜினாமாவுக்குப் பின் கேட்டில் பையைச் சோதிப்பது

காலம் கடந்துவிட்டது. ஆந்தனி லெவண்டோவ்ஸ்கி கூகுளின் ஓட்டுநரில்லா கார் பிரிவை விட்டது 2016 ஜனவரியில். 14,000க்கு மேற்பட்ட ஃபைல்களை அவர் இறக்கியது அதற்கு முந்தைய டிசம்பரில் என்பதுதான் அந்த நிறுவனத்தின் வழக்கு. 2020இல் 18 மாதச் சிறை விதித்தார்கள், அடுத்த ஆண்டு மன்னிப்பும் கிடைத்தது. அவ்வளவு பெரிய இடத்திலும் ஆள் போன பிறகு பழைய லாக்கைத் தோண்டித்தான் கண்டுபிடித்தார்கள். உங்களிடம் தோண்ட லாக் இருக்கிறதா? அந்த 20 எம்பியை 1 ஜிபி ஆக்க ஐந்து நிமிடம் போதும். டிராயிங் ஃபோல்டரை யார் திறந்தார் என்று குறித்துவைக்கும் ஆடிட்டையும் ஆன் செய்யுங்கள். தானாக அது ஆன் ஆகியிருக்காது.

ராஜினாமா கடிதம் வந்த அன்றே பார்க்க வேண்டியவை: எல்லோரும் சேர்ந்து பயன்படுத்துகிற ஜிமெயிலின் பாஸ்வேர்ட், அதில் யாருக்காவது ஃபார்வர்ட் போகிறதா என்பது, ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் திறந்தே கிடக்கும் வாட்ஸ்அப் வெப். வாடிக்கையாளரின் டிராயிங் முக்கால்வாசி வெளியே போவது அதில்தான்.

சாவியை மெஷினிலேயே விடுவது

ஃபானுக் கன்ட்ரோல் உள்ள மெஷினின் பேனலில், புரோகிராமை மாற்றவிடாமல் பூட்டும் புரோகிராம் புரொடெக்ட் சாவி எப்போதும் ‘திற’ நிலையிலேயே தொங்கும். 9000 வரிசை எண் கொண்ட புரோகிராம்களை 3202 என்ற பாராமீட்டரில் (கன்ட்ரோல் செட்டிங்கில்) மறைக்கலாம், ஆனால் அதைத் தெரிந்த செட்டரே அதை எடுத்தும் விடுவார். சாவி சூப்பர்வைசர் பையில் இருக்கட்டும். கார்டு, யூஎஸ்பி வழியாக மெமரி முழுவதையும் நகலெடுக்கச் சில நிமிடம் போதும். சர்வீஸுக்கு வருகிறவரும் அதைத்தான் செய்கிறார். அவரோடு ஒரு ஆள் நிற்க வேண்டும்.

ஸ்கிராப்

ரிஜெக்‌ஷன் பார்ட்டை பேண்ட்சாவில் இரண்டாக வெட்டாமல் எடைக்குப் போடாதீர்கள். பிரிண்ட் எடுத்த டிராயிங்கையும் கிழிக்காமல் போடாதீர்கள்.