இன்சூரன்ஸ் ரெகுலேட்டர் ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு: முதல் ரெண்டு வருஷம் எதை எப்படி கத்துக்கணும்

எங்க அக்கா பையன் நம்ம நாட்டு இன்சூரன்ஸ் ரெகுலேட்டரான ஐஆர்டிஏஐல அசிஸ்டென்ட் மேனேஜர் பரீட்சை பாஸ் பண்ணி ஐதராபாத் கிளம்புறான். ரயில் ஏறுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணி, "மாமா, ட்ரெயினிங் அவங்களே குடுப்பாங்கல்ல, நான் தனியா என்ன படிக்கணும்"னு கேட்டான். நான் ஜெனரல் இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் செக்‌ஷன்ல இருபது வருஷத்துக்கு மேல உக்காந்தவன், இன்ஸ்பெக்‌ஷன்னு வந்து எதிர்ல உக்காந்த ஆபீசர்ஸ் நிறைய பேரை பாத்திருக்கேன், யாரு விஷயம் தெரிஞ்சு கேக்குறாங்க யாரு செக்லிஸ்ட் பாத்து டிக் அடிக்கிறாங்கன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும், எனக்கு மட்டும் இல்ல, எதையாவது மறைக்கணும்னு நினைக்கிறவனுக்கும் தெரிஞ்சிடும். அதனாலதான் அவனுக்கு சொன்னதை கொஞ்சம் விரிவா இங்கயும் எழுதுறேன், அவனை மாதிரி சேர்றவங்க யாருக்காவது உதவும்.

முதல்ல ஒரு கதை, இது தெரியாம மத்த எதுவும் மனசுல நிக்காது. ஆஸ்திரேலியாவுல எச்ஐஎச்னு ஒரு பெரிய ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனி 2001 மார்ச்ல கவுந்துச்சு. கணக்கு பாத்தா பற்றாக்குறை 530 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் போகலாம்னு சொன்னாங்க. வீடு கட்டுறவங்க, டாக்டருங்க, விபத்துல அடிபட்டு மாசா மாசம் பணம் வாங்கிட்டிருந்தவங்க எல்லாரும் ஒரே ராத்திரில கவர் இல்லாம நின்னாங்க. அப்புறம் ராயல் கமிஷன் போட்டு 2003ல ரிப்போர்ட் வந்துச்சு. முக்கிய காரணம், வரப்போற க்ளெய்முக்கு போதுமான பணம் ஒதுக்கி வைக்கல. ரெகுலேட்டரை பத்தியும் அதுல நிறைய இருக்கு. ஆப்ரான்னு சொல்ற அவங்க ரெகுலேட்டர் 1998 ஜூலைலதான் புதுசா ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி கான்பெரால இருந்த பழைய ஆபீஸை சிட்னிக்கு மாத்துனாங்க, மாத்தும்போது அனுபவசாலிங்க நிறைய பேர் கூட வரல. பேப்பர் எல்லாம் வந்துச்சு, படிக்கத் தெரிஞ்சவங்க வரல. கம்பெனி விழுந்ததுக்கு ஆப்ரா காரணம் இல்லன்னுதான் கமிஷனர் சொன்னார், ஆனா எச்சரிக்கை மணி அடிச்சும் கவனிக்கல, மெதுவா இருந்தாங்கன்னு தெளிவா எழுதினார். ட்ரெயினிங்கை சடங்கா நினைக்காதேன்னு அவன்கிட்ட சொன்னதுக்கு இதான் காரணம்.

சரி, எங்க ஆரம்பிக்கணும். எல்லாரும் சட்டப்புத்தகத்துல ஆரம்பிப்பாங்க, நான் பாலிசில ஆரம்பின்னு சொல்வேன். சேர்ந்த முதல் மாசமே நாலு பாலிசி வார்த்தை விடாம படி, ஒரு மோட்டார், ஒரு ஹெல்த், ஒரு ஃபயர், ஒரு யூலிப் (லைஃப் கவரும் மார்க்கெட் முதலீடும் சேர்ந்தது). விளம்பர நோட்டீஸ் இல்ல, முழு டாக்குமென்ட். படிச்சிட்டு உங்க அம்மாவுக்கு விளங்குற மாதிரி எதுக்கு பணம் வரும், எதுக்கு வராதுன்னு ஒரு பக்கம் எழுது. எழுத முடியலன்னா உனக்கு புரியலைன்னு ஒரு அர்த்தம், பாலிசியே குழப்பமா எழுதியிருக்குன்னு இன்னொரு அர்த்தம், ரெண்டும் ரெகுலேட்டர் தெரிஞ்சுக்க வேண்டியதுதான்.

இதுக்கு நல்ல பாடம் 2015 டிசம்பர் சென்னை வெள்ளம். தண்ணில நின்ன காரை ஜனங்க பதட்டத்துல ஸ்டார்ட் பண்ணாங்க, இன்ஜினுக்குள்ள தண்ணி போய் உள்ள இருக்கற பாகம் வளைஞ்சு உடைஞ்சுது. வெள்ளம்தான் பாலிசில இருக்கேன்னு ஆளுங்க வந்து நின்னா, வெள்ளத்தால நேரடியா ஆன சேதம் இல்ல, ஸ்டார்ட் பண்ணதால ஆனது, இன்ஜின் புரொடெக்ட்னு கூடுதலா காசு கட்டி சேக்கற ஆட்-ஆன் எடுத்திருந்தா மட்டும்தான் வரும்னு பதில். கடைக்காரங்களுக்கு வேற பிரச்சனை. கடைல சரக்கு 40 லட்சம், பிரீமியம் மிச்சம் பிடிக்க 20 லட்சத்துக்கு இன்ஷ்யூர் பண்ணியிருப்பார், 10 லட்சம் நஷ்டம்னா கைக்கு 5 லட்சம்தான் வரும், ஏன்னா பாதி மதிப்புக்குத்தான் போட்டிருக்கார், ஆவரேஜ் க்ளாஸ்னு சொல்வோம். இதுல கம்பெனி செஞ்சது பாலிசிப்படி சரியா, விக்கும்போது இதை யாராவது அவங்களுக்கு சொன்னாங்களா, ஆட்-ஆன் இருக்குன்னு ஏஜென்ட் வாயத் தொறந்தானா, இந்த மூணும் தனித்தனி கேள்வி. மூணையும் பிரிச்சு பாக்க பழகிட்டேன்னா கம்பெனி கஸ்டமர்கிட்ட எப்படி நடந்துக்குதுன்னு பாக்குற நடத்தை கண்காணிப்புல பாதி கிணறு தாண்டிட்டே.

அப்புறம் சட்டம். 1938 இன்சூரன்ஸ் ஆக்ட், 1999 ஐஆர்டிஏ ஆக்ட், ரெண்டையும் மனப்பாடம் பண்ண வேணாம், வாரத்துக்கு ரெண்டு செக்‌ஷன் எடுத்துக்கோ, யாருக்கு என்ன ஆனதால இது வந்திருக்கும்னு கேட்டுக்கிட்டே படி. 64விபி, பிரீமியம் கைக்கு வராம ரிஸ்க் ஏத்துக்கக்கூடாது. 45, பாலிசி எடுத்து மூணு வருஷம் தாண்டிட்டா லைஃப் கம்பெனி அதை எந்த காரணம் சொல்லியும் கேள்வி கேக்க முடியாது, புருஷனை இழந்து நிக்கிற பொண்ணு கிட்ட போய் அவர் அன்னிக்கு சுகர் இருக்குன்னு சொல்லலையேன்னு எத்தனை வருஷம் கழிச்சும் இழுத்தடிக்கக்கூடாதுங்கறதுக்காக. 33 இன்ஸ்பெக்‌ஷனும் விசாரணையும் பண்ற அதிகாரம், 34 உத்தரவு போடுற அதிகாரம், 52ஏ கம்பெனியை நடத்த வெளிலேருந்து ஒரு அட்மினிஸ்ட்ரேட்டரை போடுறது. 52ஏ வெறும் ஏட்டுல இருக்கறது இல்ல, 2017ல சஹாரா லைஃபுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் போட்டாங்க, 2023 ஜூன்ல அதோட பாலிசிகளை எஸ்பிஐ லைஃபுக்கு மாத்தச் சொல்லி உத்தரவு போட்டாங்க, கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் பாலிசி. இது சம்பந்தமான உத்தரவுகளை தேதி வாரியா அடுக்கி வச்சு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து படி, எந்த வகுப்புலயும் இவ்வளவு கிடைக்காது.

இப்ப கணக்கு. இங்கதான் நிறைய பேர், முக்கியமா லா படிச்சு வந்தவங்களும் ஜெனரலிஸ்ட் ஸ்ட்ரீம்ல வந்தவங்களும், அது ஆக்சுவரி (வரப்போற க்ளெய்மை கணக்கு போடுறவர்) வேலைன்னு ஒதுங்கிடுறாங்க. தயவுசெஞ்சு ஒதுங்காதீங்க. மத்த வியாபாரத்துல செலவு முதல்ல வரவு அப்புறம், இன்சூரன்ஸ்ல மட்டும் வரவு முதல்ல, செலவு எத்தனையோ வருஷம் கழிச்சு. அதனால ஒரு கம்பெனி மூழ்கிட்டே இருக்கும்போதும் பேங்க்ல பணம் வழியும், பிரீமியத்தை குறைச்சு பிசினஸை ஏத்த ஏத்த இன்னும் வழியும். அடில ஓட்டை இருக்கான்னு காட்டுறது ரிசர்வ், அதாவது வரப்போற க்ளெய்முக்கு ஒதுக்கி வைக்கிற பணம் மட்டும்தான். மோட்டார் தேர்ட் பார்ட்டி கேஸ் (வண்டி இடிச்சு அடிபட்டவங்க போடுறது) ட்ரிப்யூனல்ல வருஷக்கணக்கா கிடக்கும், அடுத்து ஹைகோர்ட், அது வரைக்கும் எவ்வளவு ஆகும்னு யாரோ ஒருத்தர் குத்துமதிப்பா போட்டு வச்சிருப்பார், அந்த நம்பர்தான் கம்பெனி லாபத்தையே தீர்மானிக்குது.

ஒரு பேப்பர் எடு, சின்னதா ஒரு முக்கோணம் போட்டு பாக்கலாம். இது நானா எடுத்துக்கிட்ட உதாரணம், மூணு வருஷத்துல எல்லா க்ளெய்மும் முடிஞ்சிடும்னு வச்சுக்கோ. 2020ல நடந்த விபத்துக்கு முதல் வருஷ முடிவுல 40 கோடி குடுத்திருக்காங்க, ரெண்டாவது வருஷ முடிவுல மொத்தம் 60, மூணாவதுல 72. 2021 விபத்துக்கு முதல் வருஷம் 50, அடுத்து 75. 2022க்கு இப்பத்தான் ஒரு வருஷம், 60. முதல் வருஷத்துல இருந்து ரெண்டாவதுக்கு ஒன்றரை மடங்கு ஆகுது, அங்கேருந்து மூணாவதுக்கு 1.2 மடங்கு. அப்ப 2021 போய் நிக்கிற இடம் 90, இன்னும் 15 கோடி குடுக்கணும். 2022 போய் நிக்கிறது 108, இன்னும் 48 குடுக்கணும். மொத்தம் 63 கோடி. கம்பெனி புக்ல இந்த ரெண்டு வருஷத்துக்கு 45ன்னு போட்டிருந்தா நீ கேள்வி கேக்கணும், அவங்ககிட்ட நியாயமான பதிலும் இருக்கலாம், க்ளெய்ம் செட்டில் பண்ற வேகத்தை கூட்டியிருக்கலாம், பெரிய கேஸ் சிலது சீக்கிரம் முடிஞ்சிருக்கலாம், ஆனா கேக்கணும்னு உனக்கு தோணணும். இதை செயின் லேடர்னு சொல்வாங்க. உன்னை ஆக்சுவரி ஆகச் சொல்லல, கம்பெனியோட அப்பாயின்டட் ஆக்சுவரி எதிர்ல உக்காந்து பேசும்போது தலையாட்டிட்டு வராம இருக்கற அளவுக்கு தெரிஞ்சா போதும்.

அடுத்து சால்வென்சி, கடனை கழிச்சது போக கையில மிஞ்சுறது, வச்சிருக்க வேண்டிய அளவுல எத்தனை சதவீதம்னு பாக்குறது. நம்ம ஊர்ல 150 சதவீதத்துக்கு கீழ போகக்கூடாது, எல்லாருக்கும் தெரியும். ஆனா கையில இருக்கற சொத்துல இருந்து கடனை கழிச்சுத்தானே அந்த கணக்கு வருது, ரிசர்வை குறைச்சு போட்டா கடன் குறைஞ்ச மாதிரி தெரியும், சால்வென்சி தானா ஏறும். எச்ஐஎச்ல ரிசர்வுக்கு மேல கூடுதல் மார்ஜினே வைக்கல, அது பத்தாதுன்னு ரீஇன்சூரன்ஸ்னு (இன்சூரன்ஸ் கம்பெனியே தன் ரிஸ்க்குக்கு வேற கம்பெனிகிட்ட எடுக்கற இன்சூரன்ஸ்) பேர் வச்சு சில ஒப்பந்தம் இருந்துச்சு, உண்மையில ரிஸ்க் எதுவும் கை மாறல, க்ளெய்ம் பண்ண மாட்டோம்னு தனியா சைடு லெட்டர் வேற. அதனால ரீஇன்சூரன்ஸ் ஒப்பந்தத்தை பாக்கும்போது நஷ்டம் வந்தா நெஜமாவே யார் பாக்கெட்ல இருந்து போகும்னு கேளு, தனி லெட்டர் எதுவும் இல்லன்னு எழுத்துல வாங்கு.

ஒவ்வொரு கம்பெனியும் மூணு மாசத்துக்கு ஒருக்கா பப்ளிக் டிஸ்க்ளோஷர் வெப்சைட்ல போடணும், லைஃபுக்கு எல், மத்ததுக்கு என்எல்னு ஆரம்பிக்கிற ஃபார்ம்ஸ். ஒரே ஒரு கம்பெனியை எடுத்துக்கோ, பின்னாடி மூணு வருஷத்துக்கு உண்டானதை எல்லாம் இறக்கி பிரீமியம், க்ளெய்ம் ரேஷியோ, செலவு, சால்வென்சி, புகார் எண்ணிக்கை எல்லாத்தையும் நீயே ஒரு எக்செல்ல கையால ஏத்து. காப்பி பேஸ்ட் வேணாம், கையால அடிச்சாத்தான் எங்கயோ ஒரு நம்பர் திடீர்னு குதிக்கறப்ப விரல் நிக்கும்.

கோர்ஸ் எதெல்லாம் எடுக்கலாம்னும் கேட்டான். மும்பைல இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா, லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோன்னு மூணு படி, அசோசியேட் வரைக்கும் கண்டிப்பா முடி, வேலைக்கு போய்க்கிட்டே எழுதலாம். புனேல நேஷனல் இன்சூரன்ஸ் அகாடமி இருக்கு, அங்க கம்பெனி ஆளுங்களும் கூட உக்காருவாங்க, டீ குடிக்கிற நேரத்துல அவங்க பேசுறதை கேளு. ஐதராபாத்துலயே ஐஐஆர்எம்னு இன்சூரன்ஸ், ரிஸ்க் மேனேஜ்மென்ட் சொல்லிக்குடுக்கற இன்ஸ்டிடியூட் இருக்கு. உலக அளவுல ஐஏஐஎஸ்னு 1994ல ஆரம்பிச்ச சூப்பர்வைசர்ஸ் சங்கம், ஸ்விட்சர்லாந்துல பாசல்ல இருக்கு, அவங்க போட்ட இன்சூரன்ஸ் கோர் பிரின்சிபிள்ஸை அவங்க சைட்ல இலவசமாவே படிக்கலாம். அதுல 9 சூப்பர்விஷன் எப்படி பண்றதுன்னு, 14 மதிப்பீடு, 16 ரிஸ்க் மேனேஜ்மென்ட், 17 மூலதனம், 19 கஸ்டமர்கிட்ட நடந்துக்கறது, முதல்ல இந்த அஞ்சை படி. பாசல்லயே சென்ட்ரல் பேங்குகளுக்கான பேங்கான பிஐஎஸ்ஸோட எஃப்எஸ்ஐ கனெக்ட்னு ஒரு ஆன்லைன் பாடத்திட்டம் இருக்கு, ரெகுலேட்டர் ஆபீஸ் மூலமாத்தான் லாகின், சேர்ந்தவுடனே கேட்டு வாங்கு. ரெகுலேட்டர்களுக்கு பயிற்சி குடுக்கற டொரோன்டோ சென்டர் ப்ரோக்ராமுக்கு யாராவது பேர் கேட்டா தயங்காம கை தூக்கு, அங்க ஒரு கம்பெனி விழப்போற மாதிரி ஒரு நெருக்கடியை உருவாக்கி உன்னை உள்ள உக்கார வச்சு, பாதி தகவலை வச்சுக்கிட்டு முடிவு எடுக்கச் சொல்வாங்க. அமெரிக்காவுல மாநில இன்சூரன்ஸ் ரெகுலேட்டர்களோட சங்கமான என்ஏஐசி, ரெகுலேட்டர்களுக்குன்னே நாலு நிலைல பட்டம் வச்சிருக்கு, அது அவங்க ஊர் சட்டத்தோட சேர்ந்தது, நமக்கு நேரா உதவாது, ஆனா எந்த நிலைல என்ன தெரிஞ்சிருக்கணும்னு பிரிச்சிருக்கற விதத்தை ஒரு தடவை பாரு. சர்டிஃபிகேட்டா சேத்துக்கிட்டே போகாதே, ஒண்ணு முடிச்சதும் அதை வச்சு ஒரு ஃபைல் பாத்துட்டு அடுத்ததுக்கு போ.

இன்ஸ்பெக்‌ஷன் போறது தனி வித்தை, சீனியர் கூட மூணு நாலு தடவை வெறும் நோட்டு எடுக்கவாவது போகணும். போறதுக்கு முன்னாடி அந்த கம்பெனி மேல ஐஆர்டிஏஐயோட புகார் போர்ட்டலான பீமா பரோசால வந்த புகார்ல ஒரு ஐம்பதாவது படி, கூட்டி கழிச்ச டேபிள் இல்ல, ஜனங்க எழுதின வார்த்தையையே படி, எங்க வலிக்குதுன்னு அதுல தெரியும். அங்க போனா க்ளெய்ம் ஃபைலை அவங்க எடுத்து குடுக்க விடாத, லிஸ்ட்டை வாங்கி நீ நம்பர் சொல்லு. எங்ககிட்ட ஒரு தடவை வந்த மேடம் ஒருத்தங்க ரிஜெக்ட் ஆன ஃபைல் முப்பது கேட்டாங்க, மேனேஜரை விட்டுட்டு அந்த ஃபைலை ப்ராசஸ் பண்ண பையனை கூப்பிட்டு, "தம்பி, இதுல நீங்க முதல்ல என்ன எழுதினீங்க, அப்புறம் ஏன் மாறுச்சு"ன்னு கேட்டுட்டு பேசாம உக்காந்தாங்க. அரை நிமிஷம் அமைதி, அப்புறம் அவனே எல்லாத்தையும் சொல்லிட்டான். கேள்வி கேட்டுட்டு வாயை மூடிக்கறது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், அதுக்கும் பயிற்சி வேணும், ரெண்டு பேரா உக்காந்து ஒருத்தர் கம்பெனி ஆளா நடிச்சு பழகுங்க.

ரிப்போர்ட் எழுதறதும் அப்படித்தான். விதி என்ன சொல்லுது, நடந்தது என்ன, ஆதாரம் எந்த ஃபைல் எந்த பக்கம், அதனால பாலிசிதாரருக்கு என்ன ஆச்சு, இந்த நாலும் ஒவ்வொரு குறைக்கும் இருக்கணும். திருப்திகரமா இல்லன்னு மட்டும் எழுதினா நிக்காது. உத்தரவு எதிர்த்து மும்பைல எஸ்ஏடிங்கற மேல்முறையீட்டு ட்ரிப்யூனலுக்கு அப்பீல் போகும், அங்க நோட்டீஸ் குடுத்தியா, அவங்க தரப்பை கேட்டியா, காரணம் எழுதினியான்னுதான் முதல்ல பாப்பாங்க. எஸ்ஏடி ரத்து பண்ண உத்தரவு ரெண்டு, உறுதி பண்ண உத்தரவு ரெண்டு எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சா எழுத்து தானா சரியாகும்.

கம்பெனி ஆளுங்ககிட்ட மரியாதையா இரு, சாப்பாடு டிக்கெட்டு எதுவும் வேணாம், இதுக்கு மேல அதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

கடைசியா அவன்கிட்ட ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன், கம்பெனிக்கு பத்து பக்கம் ஒதுக்கு. கம்பெனி அனுப்புற எந்த ரிட்டர்ன்ல எந்த நம்பர் உறுத்துச்சு, யார்கிட்ட கேட்டேன், என்ன பதில் வந்துச்சு, திருப்தியா இல்லையான்னு தேதி போட்டு எழுது. டிபார்ட்மென்ட் மாறும்போது, மாத்தத்தான் செய்வாங்க, அதுல முக்கியமானதை டைப் அடிச்சு ஆபீஸ் ஃபைல்ல சேத்துட்டு, அடுத்து வர்றவரை பக்கத்துல உக்கார வச்சு ஒரு நாள் முழுக்க பேசிட்டு அப்புறம் சேரை விட்டு எழுந்திரு.