ஐந்து பேர் உட்கார்ந்த மேசையில் இருபதாயிரம் பேர் போர் நடத்துவது எப்படி?

லெஜெண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ் மாதிரி ஒரு சாமுராய் ரோல்பிளேயிங் ஆட்டத்தை, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையை ஆடுகிற ஆட்டத்தை, நடத்துகிறவர்களுக்கு ஒரு நாள் இது வந்தே தீரும். கதை முற்றி, இரண்டு குலங்கள் படை திரட்டிக்கொண்டு எதிரெதிரே நிற்கும், ஆட்டக்காரர்கள் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். வாள்சண்டை விதிகளை வைத்து ஆளுக்கு ஆள் உருட்ட ஆரம்பித்தால் விடிந்தாலும் முடியாது. "உங்கள் படை ஜெயித்துவிட்டது" என்று வாயால் சொல்லி முடித்தால், அவர்கள் எதற்கு வந்தார்கள்? இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, என் மேசையில் இப்போது அப்படித்தான் நடத்துகிறேன். பகடை, கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் திறன்களை எண்களாகக் குறித்த தாள்) எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஜப்பானில் 1561ல் நடந்த நான்காம் கவானகஜிமா போரை எடுத்துக்கொள்வோம். பகைப் பிரபுக்கள் இருவர்: தகேதா ஷிங்கென் ஒரு பக்கம், உஎசுகி கென்ஷின் இன்னொரு பக்கம். கென்ஷின் சாய்ஜோ மலைமேல் இருக்கிறார். ஷிங்கென் கைசு கோட்டையிலிருந்து பெரும்படை ஒன்றை இரவோடு இரவாக மலைக்குப் பின்னால் அனுப்பி, கென்ஷினைக் கீழே துரத்திவிட்டு, தான் மிச்சப் படையோடு ஹச்சிமன்பாரா சமவெளியில் காத்திருந்து அடிப்பதாகத் திட்டம். கோட்டையில் வழக்கத்தைவிட அதிகமாகச் சமையல் புகை எழுவதைப் பார்த்து கென்ஷின் விஷயத்தை ஊகித்துவிட்டார், சத்தமில்லாமல் இறங்கி சிகுமா ஆற்றைக் கடந்துவிட்டார் என்பார்கள். காலையில் மூடுபனி விலகும்போது அவர் படை ஷிங்கெனின் கண்ணெதிரே நிற்கிறது. ஆட்டம் நடத்துகிறவருக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது.

படி 1: முடிவுகளை முதலில் எழுதுங்கள்

ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன, இரண்டும் இல்லாமல் இழுத்துக்கொண்டு போனால் என்ன என்று மூன்றே வரி. கவானகஜிமாவில் இரண்டு தரப்புமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ள இடம் இருந்தது, ஆனால் ஷிங்கென் தன் தம்பி நோபுஷிகேயை அங்கே இழந்தார். உங்கள் மூன்றாவது வரியும் அந்த மாதிரி வலிக்க வேண்டும்.

படி 2: களத்தை இடங்களாகப் பிரியுங்கள்

வரைபடம் வேண்டாம். நான்கைந்து அட்டைகள் போதும்: ஷிங்கெனின் பாசறை, ஆற்றுத்துறை, மலை, கோட்டை. ஒவ்வொரு அட்டையிலும் "இதை வைத்திருப்பவருக்கு என்ன லாபம்" என்று ஒரு வரி. மினியேச்சர் பொம்மைகளை எனக்கும் பிடிக்கும், ஆனால் பெரும்போரில் அவை வேண்டவே வேண்டாம் என்பேன். பொம்மையை வைத்ததும் எல்லோரும் அங்குலம் அளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். லேப்டாப்பில் எக்செல் போட்டு கணக்கு வைப்பதும் அப்படித்தான், எல்லோர் கண்ணும் திரைக்குப் போய்விடும். அட்டை, பேனா, கொஞ்சம் சில்லறைக் காசு, அவ்வளவுதான்.

படி 3: படைக்கு இரண்டு எண்கள்

பலம் 5, மன உறுதி 6. ஒவ்வொன்றுக்கும் காசு அடுக்கி வையுங்கள். மன உறுதிதான் முக்கியம். 1600ல் ஜப்பானில் நடந்த செகிகஹரா போரில், மோதிய இரண்டு படைகளில் ஒன்றான மேற்குப் படை ஆள் இல்லாமல் தோற்கவில்லை. அதன் தளபதிகளில் ஒருவரான கோபயகவா ஹிதேயாகி மலையிலிருந்து இறங்கி சொந்தத் தரப்பையே தாக்கியதும் மற்றவர்களும் கட்சி மாறினார்கள், வரிசை உடைந்தது, காலையில் ஆரம்பித்த போர் அன்று பிற்பகலிலேயே முடிந்துவிட்டது. அதனால் மன உறுதி பாதியானதும் ஒரு கூட்டாளி தயங்கட்டும், பூஜ்ஜியமானால் படை ஓடட்டும். பலம் தீரும்வரை காத்திருக்க வேண்டிய நிலை அநேகமாக வராது.

படி 4: யார் எவ்வளவு ஆழத்தில்?

போரை அரைமணி நேரக் கட்டங்களாக நடத்துங்கள், மொத்தம் நான்கு கட்டத்துக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தான் எங்கே நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும்: பின்னணிப் படையிலா (தேவைப்படும்போது அனுப்ப ஒதுக்கி வைத்த படை), சண்டையின் ஓரத்திலா, சண்டையிலா, அல்லது நட்டநடுவிலா. இந்த நான்கு நிலைகளும் லெஜெண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸின் பழைய பதிப்புகளில் இருந்தே வருபவை, அதில் இருக்கிற அருமையான யோசனை இதுதான். உள்ளே போகப்போக காயமும் கூடும், புகழும் கூடும். "முதல் ஈட்டி" என்ற பேருக்காக உத்தரவை மீறி முன்னால் ஓடிய சாமுராய்கள் நிஜத்திலேயே இருந்தார்கள். உங்கள் ஆட்டக்காரர்களுக்கும் அந்த ஆசையைக் காட்டுங்கள்.

படி 5: தளபதியின் பகடை கடைசியில்தான்

பெரும்பாலான மேசைகள் சிக்கிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

விதிப்புத்தகத்தில் வழக்கமாக இரண்டு தளபதிகளும் முதலில் உருட்டுவார்கள், யார் கை ஓங்கியது என்று தெரிந்துவிடும், பிறகுதான் ஆட்டக்காரர்களின் காட்சிகள். அப்படி நடத்தினால் அந்தக் கட்டத்தின் முடிவு தெரிந்த பிறகு நடக்கிற எந்த வீரமும் அலங்காரமாகப் போய்விடுகிறது. ஒருவர் உயிரைக் கொடுத்து ஆற்றுத்துறையைப் பிடிக்கிறார், அதனால் போரில் எதுவுமே மாறவில்லை. அடுத்த கட்டத்தில் அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஐந்து நிமிடத்தில் முடிகிற ஒரு காட்சி, அதில் ஒரே ஒரு கேள்வி, ஓரிரண்டு உருட்டல். காட்சி முடிந்ததும் மேசையில் ஏதாவது ஒன்று மாற வேண்டும்: ஒரு அட்டை கைமாறலாம், எதிரியின் காசு ஒன்று குறையலாம், இல்லையென்றால் தங்கள் தளபதிக்கு ஒரு பகடை கூடலாம். அதற்கப்புறம்தான் தளபதிகள் உருட்டுவார்கள். ஆளுக்கு இரண்டு பத்துப் பக்கப் பகடை, அதோடு போர்த்திறன் எண். கூடுதல் பகடை கிடைத்திருந்தால் அதையும் சேர்த்து உருட்டி, பெரிய இரண்டை மட்டும் எண்ணுங்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு கூடுதல் பகடைதான் உச்சம். தோற்றவருக்கு மன உறுதியில் 1 போகும், வித்தியாசம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் பலத்திலும் 1 போகும். சமமாக வந்தால் இருவருக்கும் மன உறுதியில் 1.

கவானகஜிமாவில் ஒரு கட்டம் எப்படிப் போகும் என்று பாருங்கள். பனி விலகிவிட்டது, எங்கள் ஆட்டக்காரர்கள் தகேதா தரப்பு. ஒருத்தி தூதுவர், மலைக்குப் போன படையை உடனே திரும்பி வரச் சொல்ல வேண்டும். கேள்வி: எதிரி நிற்கிற ஆற்றுத்துறை வழியாகவா, சுற்று வழியிலா? நேர்வழி போனால் இந்தக் கட்டத்திலேயே செய்தி சேரும், ஆனால் அம்பு படும். அவள் நேர்வழி போகிறாள், குதிரை விழுகிறது, நடந்தே கரையேறுகிறாள். செய்தி சேர்ந்துவிட்டது, மலை அட்டையை எடுத்து "அடுத்த கட்டத்தில் இறங்கும்" என்று எழுதி வைக்கிறேன். இப்போது தளபதி உருட்டித் தோற்றாலும் மேசையில் யாரும் சோர்ந்துபோவதில்லை. இன்னும் ஒரு கட்டம் தாக்குப்பிடித்தால் போதும் என்று எல்லோருக்கும் தெரியும்.

படி 6: எல்லாவற்றையும் காட்டிவிடாதீர்கள்

எதிரியின் காசுகளை மறைத்து வையுங்கள். அன்றைய தளபதிக்குத் தெரிந்தது சங்கொலி, முரசு, கொடிகள், தூதுவர் கொண்டுவரும் சேதி, அவ்வளவுதான். தூரத்து அட்டைக்கு உத்தரவு போய்ச்சேர ஒரு கட்டம் ஆகும், யாராவது உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுபோனால் தவிர. இந்த ஒரு விதி போதும், தூதுவர் வேலைக்கு ஆட்டக்காரர்கள் தாங்களாகவே வருவார்கள்.

படி 7: போர் முடிந்த பிறகு

தலைப் பார்வையிடலை விட்டுவிடாதீர்கள். வெட்டிய தலைகளைக் கழுவி, சீவி, பெயர்ச்சீட்டு கட்டி, தளபதி முன்னால் வைப்பார்கள், யார் யாரை வீழ்த்தினார் என்பது அங்கேதான் முடிவாகும், பரிசும் அதைப் பொறுத்தே. 1600ல் ஓகாகி கோட்டைக்குள் இருந்த ஒரு பெண், பெண்கள்தான் இந்தத் தலைகளைத் தயார் செய்தார்கள் என்றும், உயர்ந்தவர் தலை என்று தெரிவதற்காகப் பற்களுக்குக் கறுப்புப் பூசச் சொல்வார்கள் என்றும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். சண்டைக்குப் போகாத கேரக்டர் வைத்திருப்பவருக்கு இதைவிட வலுவான காட்சி இருக்க முடியாது. இந்தத் தலை பெரிய ஆளுடையதா என்ற கேள்வி அவள் கையில் இருக்கிறது, அதை வெட்டிக்கொண்டு வந்தவன் பக்கத்திலேயே நிற்கிறான்.

பின்சேர்க்கை: ஆட்டக்காரரில் ஒருவரே தளபதி என்றால் மற்றவர்களின் காட்சி நடக்கும்போது அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு கட்டத்தின் ஆரம்பத்திலும் அவர் கையில் இரண்டு துண்டுச்சீட்டு கொடுங்கள், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு சேதிகள். "இடது பக்கம் உடைகிறது", "இடது பக்கம் நிற்கிறது, நடுவில்தான் ஆள் வேண்டும்". பின்னணிப் படை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மற்றவர்களின் காட்சிகளைக் கேட்டு அவர்தான் ஊகிக்க வேண்டும், உருட்டுவதற்கு முன் எங்கே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். சரியாக ஊகித்தால் ஒரு கூடுதல் பகடை, அதுவும் அந்த இரண்டு என்ற உச்சத்துக்குள்தான்.

இன்னொன்று, இரண்டே ஆட்டக்காரர்கள் இருந்தால் கட்டங்களை மூன்றாகக் குறைத்து, மன உறுதியை 4ல் ஆரம்பியுங்கள். காட்சிக்கு எட்டு நிமிடம் கொடுக்கலாம்.