'தேய்மானம்' என்ற சொல்லும் அது செய்யவைக்கும் தவறுகளும்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் பில்டிங்குக்கு லிஃப்ட் கிடையாது. வீடு மூன்றாம் மாடி. அம்மாவுக்கு 62 வயதில் முழங்கால் வலி வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "தேய்மானம்தான், வயசாச்சு இல்லையா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அம்மா அதைச் சோப்பு தேய்கிற கணக்கில் எடுத்துக்கொண்டாள். மிச்சம் இருக்கிற சோப்பைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று முதலில் மார்க்கெட் போவதை நிறுத்தினாள். அப்புறம் கோயில் நின்றது, அப்புறம் படியிறங்குவதே நின்றது. இரண்டு வருடத்தில் கூடத்திலிருந்து சமையலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகும் நிலை. எடையும் 9 கிலோ ஏறியிருந்தது.

இப்போது எனக்கு 53. என் வலது முழங்காலிலும் அதே வலி தொடங்கிவிட்டதால் கொஞ்சம் தேடிப் படித்தேன், பிசியோதெரபிஸ்ட்டிடம் நிறையக் கேட்டேன். நாங்கள் செய்த தவறுகளில் பாதி அந்த ஒரு சொல்லிலிருந்தே வந்தவை என்று தெரிந்தது.

மூட்டுக்குள் எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. நடக்கும்போது அது ஸ்பாஞ்சு போல அமுங்குகிறது, காலைத் தூக்கும்போது விரிந்து, சுற்றியிருக்கும் மூட்டுநீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதற்குச் சாப்பாடு போய்ச் சேரும் வழி அதுதான். நடையை நிறுத்தினால் மூட்டைப் பட்டினி போடுகிறோம். தேய்மானம் என்று டாக்டர்கள் சொல்லும் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்பது குருத்தெலும்பு மட்டும் சம்பந்தப்பட்ட நோயும் இல்லை. அடியில் இருக்கும் எலும்பு மாறுகிறது, மூட்டின் உள்சவ்வு வீங்குகிறது, தொடைத் தசை இளைக்கிறது. கடைசியில் சொன்னதுதான் நம் கையில் இருக்கிறது. தொடையின் முன்தசை பலமாக இருந்தால் முழங்காலுக்கு வரும் அதிர்ச்சியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி எளிதானது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 நொடி நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்து தடவை. அது பழகியதும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. இதோடு சமதரையில் நடை. நான் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் போகிறேன். நடக்கும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் வழக்கத்தைவிட அதிகமாக வலித்தால் மட்டும் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், நிறுத்தக் கூடாது. முதல் மூன்று நான்கு வாரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பெரும்பாலானோர் கைவிடுவது அப்போதுதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வாட்ஸப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் பத்தாயிரம் அடி நடப்பது, தாதர் ஸ்டேஷன் பாலத்தில் எஸ்கலேட்டர் இருக்கும்போது வீம்புக்குப் படியேறுவது. முழங்கால் வீங்கியிருக்கும் நாளில் வீரம் வேண்டாம்.

தரையில் உட்காருவது பற்றி என்ன சொல்வது? முழங்காலை முழுக்க மடக்கிக் குந்தும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் எக்கச்சக்கமாகிறது. அரிவாள்மணை, பூஜை, கோலம் என்று நம் வீட்டு வேலை பாதி தரையில்தான் நடக்கிறது. தாராவியில் முறுக்கு சுடும் நம் பெண்கள் மணிக்கணக்கில் சம்மணமிட்டே உட்கார்ந்திருக்கிறார்கள். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நடந்தாலே வித்தியாசம் தெரியும். முடிந்தவர்கள் மேடைக்கும் ஸ்டூலுக்கும் மாறிவிடலாம். கழிப்பறைக்கு "வெஸ்டர்ன் வைத்துவிடுங்கள்" என்று எல்லா டாக்டரும் சுலபமாகச் சொல்கிறார்கள். சொந்தக் கழிப்பறை உள்ளவர்களுக்குச் சரி, இந்தியன் டாய்லெட்டின் மேலே வைக்கிற ஓட்டை போட்ட நாற்காலியும் சர்ஜிகல் கடையில் கிடைக்கிறது. சந்துக்கு ஒரு பொதுக் கழிப்பறை இருக்கும் இடத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே சுவரில் ஒரு கைப்பிடி போடச் சொல்லிக் கேட்கலாம்.

அம்மாவுக்குக் கைத்தடி என்றால் மானப் பிரச்சினை. அதனால் நீளக் குடையை ஊன்றி நடந்தாள். கிங்ஸ் சர்க்கிளில் மழைத்தண்ணீர் நிற்கிற நான்கு மாதம் யாரும் கண்டுகொள்ளவில்லை. மார்ச் மாத வெயிலில் கறுப்புக் குடையோடு போனபோதுதான் வாட்ச்மேன் சிரித்தார். குடையில் ஊன்றினால் வழுக்கும் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய தவறு, வலிக்கிற காலின் பக்கத்துக் கையிலேயே அவள் அதைப் பிடித்திருந்தது. தடி எதிர்க்கையில் இருக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடது கை. வலிக்கும் காலும் தடியும் சேர்ந்து முன்னே போனால்தான் பாரம் பகிரப்படும். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கும் கால் முன்னே. ரயில்வே பாலங்களில் ஓரமாகக் கம்பியைப் பிடித்தபடி இதை நிதானமாகச் செய்யலாம், பின்னால் வருகிறவர்கள் 'ச்சு' கொட்டினாலும்.

எடை பற்றி யாருக்கும் கேட்கப் பிடிப்பதில்லை, எனக்கும்தான். ஆனால் 2005இல் அமெரிக்காவில் முழங்கால் மூட்டுவலியும் அதிக எடையும் உள்ள முதியவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தாங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைவது தெரியவந்தது. 5 கிலோ இறக்கினால் அடிக்கு 20 கிலோ. நம் வீடுகளிலோ "வாயு" என்று உருளைக்கிழங்கையும் கொண்டைக்கடலையையும் ஒதுக்கிவிட்டு, மூன்றாவது டம்ளர் காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுவோம்.

மாத்திரை விஷயத்தில் சிரிக்க முடியாது. கெமிஸ்ட்டிடம் "வலி மாத்திரை" என்று கேட்டால் டைக்ளோஃபெனாக் பட்டையை நீட்டுகிறார்கள். அந்த வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், மாரடைப்பு ஆபத்து எல்லாம் கூடும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் நீர்பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களின் சிறுநீரகத்துக்கு இது மூன்றாவது அடி. முழங்காலிலும் கைவிரலிலும் வலி என்றால் அதே மருந்தை ஜெல்லாக மேலே தடவலாம். உடம்புக்குள் போகும் அளவு மிகக் குறைவு, பலனும் உண்டு.

இதைவிடப் பயமுறுத்துவது லேபிள் இல்லாத பொட்டலச் சூரணம். இப்படி விற்கப்படும் சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி மாயமாகி, சில வாரத்தில் முகம் உப்பி, சுகர் ஏறினால் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது, அதுவே ஆபத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

ஊசிகளும் இருக்கின்றன. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். தாங்க முடியாத ஒரு கட்டத்தைத் தாண்ட அது உதவும், வழக்கமாக்கினால்தான் சிக்கல். 2017இல் வெளியான ஆய்வில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் அதிகம் மெலிந்தது. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பிஆர்பி ஊசிக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் அதற்கும் உப்புநீருக்கும் ஒரு வருடத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. குருத்தெலும்புக்கு நல்லது என்று விற்கும் குளுகோசமைன் மாத்திரையும் 2006இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. காசு உங்களுடையது.

எக்ஸ்ரேயைப் பார்த்து மனம் உடைவதும் தேவையில்லாதது. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டோடு சாதாரணமாக நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், படம் சுமாராக இருந்தும் வலியில் துடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்லா மூட்டுவலியையும் தேய்மானக் கணக்கில் எழுதிவிடுவது இன்னொரு தவறு. இந்த நோயில் காலை விறைப்பு பெரும்பாலும் அரைமணிக்குள் விட்டுவிடும். ஒரு மணிநேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம், அதன் சிகிச்சையே வேறு. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்துபோன பிறகு தொடரும் வலி சிக்குன்குனியாவாக இருக்கலாம். ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, கொதித்து, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

கடைசியாக மூட்டு மாற்றும் ஆபரேஷன். பயந்து பத்து வருடம் தள்ளிப்போடுகிறவர்களும், முதல் வலிக்கே தேதி வாங்குகிறவர்களும் நம்மிடையே உண்டு. பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து எல்லாம் ஒழுங்காகச் செய்தும் இரவில் தூக்கம் போய், நடையும் முடங்கினால் அதுதான் நேரம். துளை போட்டு மூட்டைக் கழுவும் சிகிச்சையை மட்டும் யாராவது சொன்னால் இரண்டாவது டாக்டரைக் கேளுங்கள். 2002லேயே, தோலை மட்டும் கீறித் தைத்த பொய் ஆபரேஷனைவிட அது மேலில்லை என்று தெரிந்துவிட்டது. செயற்கை மூட்டுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் விலை வரம்பு வைத்தது. சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அன்று ஜிஎஸ்டி இல்லாமல் 54,720 ரூபாய். அது மூட்டின் விலை மட்டுமே, ஆஸ்பத்திரி பில் தனி. எஸ்டிமேட் வாங்கும்போது இரண்டையும் பிரித்து எழுதித்தரச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு 71 வயதில் வலது மூட்டை மாற்றினோம். அதற்கு முன் ஆறு வாரம் தொடைப் பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்று பிசியோ பெண் பிடிவாதமாக நின்றாள். அதே நாற்காலிப் பயிற்சிதான், 62 வயதில் யாரும் சொல்லித்தராதது. மூன்றாம் மாதம் அம்மா படியிறங்கி மார்க்கெட் போய் வாழைப்பூ வாங்கி வந்தாள். இடது முழங்காலுக்கும் தேதி பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். பார்க்கலாம் என்றாள். ஏழு வருடமாகிறது, இடது முழங்கால் இன்னும் அவளுடையதுதான்.