படைகளோடு சென்ற பெண்களை ஆவணங்களில் தேடுவது எப்படி

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர் ஒன்றில் படையோடு சென்ற பெண்ணைத் தேடத் தொடங்குபவர், அவளது பெயரைத் தேடுவதைச் சற்றே ஒத்திவைக்க வேண்டும். படை எழுத்தர்களுக்கு அவள் பெயரைக் குறித்துவைக்கும் தேவை அரிதாகவே எழுந்தது. அவளுக்கு அளந்து கொடுத்த உணவைக் குறித்துவைக்கும் தேவையோ நாள்தோறும் இருந்தது. ஆகவே எந்தப் படை, எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு என்ற மூன்றையும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, அந்தப் படையில் பெண்ணுக்கு என்ன தகுதி வழங்கப்பட்டிருந்தது என்று அறிய வேண்டும். நெப்போலியப் போர்க் காலத்துப் பிரித்தானியப் படையில், கடல் கடந்து செல்லும் நூறு வீரர்களுக்கு ஏறத்தாழ ஆறு மனைவியரே அனுமதிக்கப்பட்டனர். யார் போவது, யார் கரையில் நிற்பது என்பது கப்பல் ஏறும் தறுவாயில் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்பட்டது. உடன் சென்றவளுக்கு அரைப்பங்கு உணவும் குழந்தைக்குக் கால்பங்கும் கிடைத்தன. பிரெஞ்சுப் படையில் உணவும் மதுவும் விற்ற கான்டினியேர்கள் உரிமம் பெற்றவர்கள். அமெரிக்கப் படையிலோ 1802 ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் நான்கு சலவைப் பெண்கள் வரை உணவுப் பங்கோடு அனுமதித்தது; அந்த ஏற்பாடு 1878 இல் நிறுத்தப்பட்டது. ‘படையைப் பின்தொடர்ந்தவர்கள்’ என்ற பொதுச்சொல்லைக் கண்டவுடன் இவர்கள் அனைவரையும் பாலியல் தொழிலாளிகளாகக் கருதிவிடும் பழக்கம் இன்னும் மறையவில்லை. மனைவி, வணிகர், சலவைத் தொழிலாளி, செவிலி எனத் தனித்தனியே பிரித்துப் பார்க்காமல் எழுதப்படும் குறிப்பு அந்தப் பெண்களுக்கு இரண்டாம் முறையாக இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

தகுதி தெளிவான பிறகு கணவனைப் பின்தொடருங்கள். இலண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூ.ஓ. 12’ என்ற போர்த்துறை ஆவண வரிசையில் படைப்பிரிவுகளின் வருகைப் பட்டியல்களும் ஊதியப் பட்டியல்களும் உள்ளன. அவற்றில் மணமானவர்களின் பட்டியல் ஏறத்தாழ 1868 க்குப் பிறகே இடம்பெறுகிறது. அதற்கு முந்தைய காலத்திற்கு அவை கணவன் எந்த மாதம் எங்கிருந்தான் என்பதை மட்டுமே காட்டும். அந்த இடைவெளியை நிரப்பப் பிள்ளைகள் உதவுவார்கள். 1851 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் பிறப்பிடமும் கேட்கப்பட்டது. இங்கிலாந்தில் வாழ்ந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர், 1811 வாக்கில் பிரித்தானியப் படை நெப்போலியனின் படைகளோடு போரிட்ட போர்ச்சுகலிலோ ஸ்பெயினிலோ பிறந்ததாகப் பதிவாகியிருந்து, தந்தையின் படைப்பிரிவும் அந்த ஆண்டில் அங்கே இருந்திருக்குமானால், தாயும் அந்தப் படையோடு நடந்தவளாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பொறுத்தவரை ஓய்வூதியக் கோப்புகளே பெருஞ்செல்வம். கைம்பெண்கள் தங்கள் திருமணத்தை நிறுவ அளித்த உறுதிமொழிகளில், வேறெங்கும் கிடைக்காத அன்றாட வாழ்க்கை தெரியவரும். செவிலியருக்கு மாதம் 12 டாலர் ஓய்வூதியம் வழங்கும் சட்டம் 1892 இல்தான் வந்தது. ஆனால் பதவிப் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்தப் போரில் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றோடு இருந்த சூசி கிங் டெய்லர் சலவைப் பெண்ணாகப் பதிவுசெய்யப்பட்டவர். உண்மையில் காயமுற்றோரைப் பேணினார், கறுப்பின வீரர்களுக்கு எழுத்தறிவித்தார், நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஊதியமின்றி உழைத்தார். 1902 இல் அவரே தம் நினைவுகளை எழுதி வெளியிட்டிராவிட்டால், சலவை என்ற ஒற்றைச் சொல்லே அவரைப் பற்றி எஞ்சியிருக்கும்.

மறுக்கப்பட்ட விண்ணப்பங்களையும் விட்டுவிடக் கூடாது. 1805 இல் நடந்த டிரஃபால்கர் கடற்போரின்போது பிரித்தானியக் கப்பலில் இருந்த ஜேன் டவுன்ஷெண்ட் பின்னாளில் பதக்கம் கோரினார். அவருக்குக் கொடுத்தால் அதே போன்ற எண்ணற்ற விண்ணப்பங்கள் வந்து குவியும் என்று காரணம் காட்டி அது மறுக்கப்பட்டது. அவரைப் போன்ற பெண்கள் பலர் இருந்தார்கள் என்பதற்கு அதிகாரிகள் தம்மையறியாமல் அளித்த சான்று அந்த மறுப்பே.

நாட்குறிப்புகளை எழுதியவரின் நிலையறிந்து படியுங்கள். கிரிமியப் போர்க்களத்திலிருந்து எழுதிய ஃபேனி டூபர்லி அதிகாரியின் மனைவி. குதிரைமீது சென்ற அவர் கண்ட போர் வேறு, மூட்டை சுமந்து நடந்த வீரனின் மனைவி கண்ட போர் வேறு. ஒளிப்படங்களிலும் இதே கவனம் தேவை. ரோஜர் ஃபென்டன் 1855 இல் கிரிமியாவில் எடுத்த கான்டினியேர் படத்திற்கு இடமும் காலமும் உண்டு. அவை தெரியாத, ஒளிப்பட நிலையத்தில் எடுத்த படத்தில் உடை மட்டுமே சான்றாகாது.

தடம் சட்டென்று அறுந்துபோனால் கணவன் இறந்த நாளைப் பாருங்கள். வேற்று நாட்டில் ஆதரவின்றி நின்ற கைம்பெண்கள் பலர் அதே படைப்பிரிவில் விரைவில் மறுமணம் செய்துகொண்டனர். எனவே படைப்பிரிவின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளைப் புரட்டி, அவளது முதற்பெயர் வேறொரு வீரனின் பெயருக்கு அருகில் வருகிறதா என்று தேடுங்கள்.