ஏரியில் தாழப் பறக்கும் பருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர், அக்டோபர் ஆனால் சேற்றுப் பூனைப்பருந்து ஐரோப்பா, நடு ஆசியப் பக்கமிருந்து புதுச்சேரிப் பக்கத்து ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் வந்து சேரும். பங்குனி வரை இங்கேதான். ஆனால் ஏரிக்குப் போகிற பலர் இதைக் கள்ளப்பருந்து என்றே நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

காரணம், நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது. பழுப்புப் பருந்துக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. கள்ளப்பருந்து பழுப்பு. கருடன் என்று நாம் கும்பிடுகிற செம்பருந்துகூட இளம் பருவத்தில் பழுப்புதான். வால் பிளவு இருந்தால் கள்ளப்பருந்து என்பார்கள். சரிதான், ஆனால் அது வாலை விரித்துவிட்டால் பிளவு தெரியாது. அதனால் முதலில் இறக்கையைப் பாருங்கள். பூனைப்பருந்து இறக்கை அடிக்காமல் மிதக்கும்போது இரண்டையும் சற்றே மேலே தூக்கி, அகலமான 'வி' போல வைத்திருக்கும். மற்ற இரண்டும் அப்படி வைப்பதில்லை. அப்புறம் தலையைப் பாருங்கள். பெட்டைக்கு உடம்பெல்லாம் கரும்பழுப்பு, உச்சியும் தொண்டையும் வெளிர் மஞ்சள். ஆணுக்கு இறக்கையில் சாம்பல் நிறமும் கறுப்பு நுனியும் இருக்கும். இதை வேறு இனம் என்று எண்ணிவிட வேண்டாம்.

முதுகுப் பக்கம் வால் தொடங்கும் இடத்தில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது சேற்றுப் பூனைப்பருந்து இல்லை. புல்வெளி, தரிசுப் பக்கம் வரும் வேறு பூனைப்பருந்தாக இருக்கலாம்.

அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பது இன்னொரு தவறு. இது கோரைக்குச் சில மீட்டர் உயரத்தில்தான் போகும், வரும். தூரத்தில் நாமக்கோழி என்னும் கறுப்பு நீர்ப்பறவைகள் திடீரென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திறந்த நீருக்கு நகர்ந்தால் அந்தத் திசையில் தொலைநோக்கியைத் திருப்புங்கள். கூட்டம் சேர்ந்திருக்கும் வரை பருந்து மேலேயே சுற்றும். ஒன்று பிரிந்தால் போதும், காலைத் தொங்கவிட்டு இறங்கும். நோயில் தளர்ந்த பறவை, தவளை, எலி, செத்த மீன் எல்லாமே அதற்கு இரைதான். கண்ணோடு காதும் சேர்ந்துதான் வேட்டை. முகத்தைச் சுற்றியுள்ள இறகு வட்டம் கோரைக்குள் கேட்கும் சலசலப்பைக் காதுக்குக் கொண்டுபோகும்.

பொழுது சாயும்போது படம் எடுக்கக் கோரைக்குள் இறங்குவதை மட்டும் செய்யவே கூடாது. இவை இரவில் மரத்தில் அடைவதைவிட, கோரைப் புதருக்குள் தரையில் கூட்டமாக அடைவதே வழக்கம். ஒருவர் கால் வைத்தால் மொத்தக் கூட்டமும் கிளம்பி இருட்டில் வேறு இடம் தேட வேண்டியிருக்கும். ஊசுட்டேரி 2008-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அவை அடைய வருவதைக் கரையில் நின்றே தாராளமாகப் பார்க்கலாம்.