படத்தை வைத்து மிரட்டினால், அழிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்

18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படத்தை நெட்டில் போட்டுவிடுவேன் என்று யாராவது மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள். பதற்றத்தில் போனிலிருந்து படத்தை அழிக்கவும் வேண்டாம். முதலில் 'டேக் இட் டவுன்' தளத்துக்குப் போய் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்காக இயங்கும் என்சிஎம்இசி அமைப்பு நடத்தும் இலவசச் சேவை இது; பெயர் சொல்லாமலே பயன்படுத்தலாம்.

படம் போனை விட்டு வெளியே போகாது. கைரேகை மாதிரி ஓர் எண் கோவை மட்டும் போனிலேயே உருவாகி, இன்ஸ்டாகிராம், பேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற, இதில் சேர்ந்துள்ள தளங்களுக்குக் கிடைக்கும். அதே படம் அங்கே ஏறினால் அந்த எண் கோவையை வைத்துக் கண்டுபிடித்து நீக்குவார்கள். யாரிடமும் படத்தைக் காட்ட வேண்டியதில்லை. கூச்சத்தில் வாயே திறக்காமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய ஆறுதல்.

அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே பார்க்கக்கூடிய, வாட்ஸ்அப் போன்ற மறையாக்க உரையாடல்களில் இது உதவாது. படத்தை வெட்டியோ மாற்றியோ போட்டால் அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். 18 வயதுக்குப் பின் எடுத்த படம் என்றால் இதே மாதிரிச் சேவை தரும் 'ஸ்டாப் என்சிஐஐ' தளம் இருக்கிறது. மிரட்டல் செய்தியையும் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள். இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098.