கை மிஷினில் கம்பி வேலி பின்னும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பி வலை பின்னும் கை மிஷினைச் சிறு வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்கே கொண்டுபோய், மர நிழலில் போட்டு, வேண்டிய உயரத்துக்கு வேலி பின்னிக் கொடுக்கும் தொழில் தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடக்கிறது. கரண்ட் தேவையில்லை, இடமும் அதிகம் வேண்டாம், இரண்டு பேர் போதும். புதிதாக மிஷின் வாங்குகிறவர்கள் சொல்லும் புகார்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: கண் (வலையின் ஓட்டை) ஒரே அளவில் வரவில்லை, ஓரம் ஏற்ற இறக்கமாக இருக்கிறது, சுற்றிச் சுற்றிக் கை விட்டுப்போகிறது. உடனே மிஷின் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். என்னைக் கேட்டால், மிஷின்மேல் விழும் பழியில் பெரும்பங்கு கம்பிமேல் விழவேண்டியது.

மிஷினுக்குள் முக்கியமானவை இரண்டே உறுப்புகள். உள்ளே சுருள் பள்ளம் உள்ள ஒரு குழாய்; அந்தக் குழாய்க்குள் சுற்றும் தட்டையான பிளேடு. கைப்பிடியைச் சுற்றினால் பிளேடு சுற்றும். கம்பி பிளேடின்மேல் சுற்றிக்கொண்டு, பள்ளத்தின் வழியே முன்னால் நகர்ந்து, தட்டையான சுருளாக வெளியே வரும். திருகிக்கொண்டே வருவதால், முன்பு பின்னி வைத்த கடைசிச் சுருளின் கண்களுக்குள் தானே நுழைந்துவிடும். உயரம் வந்ததும் வெட்டி, இரண்டு முனையையும் மடக்கிவிட்டு, அடுத்த சுருள். அவ்வளவுதான் வேலை.

2 இன்ச் கண்ணுள்ள வலைக்கு பிளேடு ஏறக்குறைய ஒன்றரை இன்ச் அகலம் இருக்கும். கைப்பிடியும் பிளேடும் ஒரே அச்சில் உள்ள மிஷினில் ஒரு சுற்றுக்குச் சுமார் 3 இன்ச் சுருள் வெளியே வரும். 5 அடி உயரத்துக்கு 20 சுற்று. ஒரு சுருள் சேர்ந்தால் வேலியின் நீளம் ஒன்றரை இன்ச் கூடும். அப்படியானால் 50 அடி ரோலுக்கு 400 சுருள், 8,000 சுற்று. ஒரு நாளைக்கு எத்தனை ரோல் ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசலாம். மோட்டார் மிஷினின் உற்பத்தியை மனத்தில் வைத்துக்கொண்டு கை மிஷினை வாங்குவதுதான் முதல் தவறு.

கேஜ் பெயரை நம்புவது

கடையில் '10 கேஜ்' என்று கேட்பார்கள், '10 கேஜ்' என்று கொடுப்பார்கள். கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்; எண் கூடினால் தடிமன் குறையும். எஸ்.டபிள்யூ.ஜி. (ஸ்டாண்டர்ட் வயர் கேஜ்) அட்டவணைப்படி 8 கேஜ் என்றால் 4.06 மி.மீ., 10 கேஜ் 3.25 மி.மீ., 12 கேஜ் 2.64 மி.மீ., 14 கேஜ் 2.03 மி.மீ. ஆனால் 10 கேஜ் என்ற பெயரில் 3 மி.மீ. கம்பியும் கைக்கு வரும். கால் மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. 3.25 மி.மீ. கம்பி மீட்டருக்கு 65 கிராம், 3 மி.மீ. கம்பி 55 கிராம் சொச்சம். இரும்பில் 15 சதவீதம் குறைகிறது. 5 அடி உயரம், 50 அடி நீளம், 2 இன்ச் கண் உள்ள ஒரு ரோலுக்கு ஏறக்குறைய 60 கிலோ கம்பி பிடிக்கும் என்று வையுங்கள். அதில் 9 கிலோ காணாமல் போகிறது. சதுர அடிக்கு விலை பேசி வேலி போட்ட விவசாயிக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்த அன்றைக்கு அவர் உங்களைத்தான் கேட்பார், கம்பிக் கடைக்காரரை அல்ல. ஒரு வெர்னியரோ மைக்ரோமீட்டரோ வாங்கி வைத்துக்கொண்டு, பண்டலைப் பிரிக்கும் முன்பே இரண்டு மூன்று இடத்தில் அளந்துவிடுங்கள். பில்லில் கேஜோடு மில்லிமீட்டரையும் எழுதச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் பூசிய பச்சைக் கம்பியில் இதே சிக்கல் இன்னும் பெரிதாக வரும். வெளித்தடிமனை அளந்து '10 கேஜ்' என்பார்கள். உள்ளே இருக்கும் இரும்பு 2.5 மி.மீ.கூட இருக்காது. நுனியில் பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு இரும்பை மட்டும் அளக்கவேண்டும். ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) ஓட்டும் அதே குழாயில் இதை நுழைத்தால் பூச்சு உரிந்துகொண்டே வரும் என்பதும் நினைவிருக்கட்டும். இடைவெளி கூடுதலாக உள்ள குழாய் தனியாக வேண்டும்.

கடினக் கம்பி, மலிவுப் பூச்சு

தடிமன் சரி, ஆனால் கம்பி விறைப்பாக இருந்தால்? பிளேடு வளைத்த கம்பி வெளியே வந்ததும் கொஞ்சம் விரியும். எல்லாக் கம்பியும் விரியும். கடினக் கம்பி அதிகம் விரியும். பிளேடு ஒன்றரை இன்ச்சுதான், வந்த சுருள் அதைவிட அகலம். பாதி ரோலில் பண்டல் தீர்ந்து வேறு லாட் கம்பியை மாட்டினால் கண் அளவு அந்த இடத்திலிருந்தே மாறுவது இதனால்தான். அதற்கு பிளேடை மாற்றிப் பயனில்லை. ஒரு ரோலை ஒரே லாட் கம்பியில் முடிப்பதே வழி. ரொம்ப மென்மையான கம்பியும் ஆகாது. கட்டடக்காரர்கள் பயன்படுத்தும் கட்டுக் கம்பி போன்ற பதம் வளைக்கச் சுகமாக இருக்கும். ஆனால் வேலியில் ஒரு மாடு முதுகைச் சொறிந்தால் கண் கோணிவிடும்.

பூச்சைப் பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். கம்பியைப்போல நாலு மடங்கு தடிமனுள்ள ஒரு இரும்புக் கம்பியில் அதை நெருக்கமாக நாலைந்து சுற்றுச் சுற்றிப் பாருங்கள். துத்தநாகம் செதில் செதிலாக எழும்பினால், மிஷினில் ஓட்டும்போதும் ஒவ்வொரு வளைவிலும் அப்படித்தான் எழும்பும். துரு பிடிப்பதும் அந்த வளைவில்தான் தொடங்கும். இந்தியத் தரக் குறியீடுகளில் ஐ.எஸ். 2721 இந்த வகை வேலிக்கானது; ஐ.எஸ். 4826 கம்பியின் துத்தநாகப் பூச்சுக்கானது. அந்தத் தரத்தில் கம்பி வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் என்ன பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பூச்சு என்று கேளுங்கள். கடற்கரை ஊர்களுக்கு வேலி பின்னுகிறவர்கள் கட்டாயம் கேட்கவேண்டும்.

குழாய் வாயில் சாம்பல் நிறப் பொடி

கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுக் குழாயின் வாயைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவுபோலப் பொடி சேர்ந்திருக்கும். பலர் அதைத் தூசி என்று துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். அது தூசி இல்லை, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய துத்தநாகம். லேசாக இருந்தால் சாதாரணம். கிள்ளி எடுக்கும் அளவுக்கு இருந்தால் கம்பி காய்ந்து ஓடுகிறது, அல்லது பிளேடின் ஓரத்தில் பிசிறு இருக்கிறது, அல்லது குழாய்ப் பள்ளம் தேய்ந்து விளிம்பு எழும்பிவிட்டது என்று அர்த்தம். பிளேடை வெளியே எடுத்து, அதன் ஓரத்தில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கூராக இருக்கக்கூடாது. வழவழப்பாக, லேசான உருண்டையாக இருக்கவேண்டும். கம்பி உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்தால் போதும்; ஆழமான பள்ளம் என்றால் பிளேடை மாற்றிவிடுங்கள்.

எண்ணெய் போடுவதில் இரண்டு வகைத் தவறு நடக்கிறது. சிலர் போடுவதே இல்லை. சிலர் பழைய என்ஜின் ஆயிலைக் குழாய்க்குள் ஊற்றி, வேலி முழுக்கக் கறுப்பு வழிய விடுவார்கள். கம்பி உள்ளே நுழையும் இடத்தில் எண்ணெயில் நனைத்த ஒரு துணியைக் கவ்வ வைத்தால் போதும். கம்பி தானே தொட்டுக்கொண்டு போகும். அதில் உள்ள மண்ணும் துணியிலேயே நின்றுவிடும்.

கண் அளவை மாற்ற நினைக்கிறவர்கள் பிளேடை மட்டும் மாற்றிவிட்டுத் திண்டாடுவார்கள். பிளேடு அகலத்தைத் தீர்மானிக்கிறது. குழாயின் சுருள் பள்ளம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டும் ஜோடி. 3 இன்ச் கண்ணுக்கான பிளேடை 2 இன்ச் கண்ணுக்கான குழாயோடு சேர்த்தால் கண் சதுரமாக வராது, நசுங்கி நிற்கும்.

தடிமனைப் பற்றி இன்னொன்று. 10, 12 கேஜுக்குச் செய்த மிஷினில் '8 கேஜும் ஓடும்' என்று விற்கிறவர் சொல்லலாம். ஓடும். ஆனால் கம்பியை வளைக்கத் தேவைப்படும் பலம், தடிமனை மூன்று முறை பெருக்கிய அளவுக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடும். 3.25 மி.மீ.யிலிருந்து 4.06 மி.மீ.க்குப் போனால் தடிமன் கால் பங்குதான் கூடுகிறது. சுற்ற வேண்டிய பலமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதலில் கை போகும், அப்புறம் பிளேடு முறுக்கிக்கொள்ளும்.

ராட்டினம், மேசை, எண்ணிக்கை

கம்பிப் பண்டலைத் தரையில் கிடத்தி அப்படியே இழுப்பது சோம்பேறித்தனத்தால் வருவது. ஒவ்வொரு வளையம் உருவும்போதும் கம்பியில் ஒரு முறுக்கு ஏறும். எங்காவது சிக்கிக் கொக்கிபோல மடங்கும். அந்த மடிப்பு குழாய்க்குள் போனால் பிளேடு நின்றுவிடும். பண்டல் சுற்றுகிற ராட்டினத்தில் ஏறவேண்டும். மிஷினுக்கு நேர்க்கோட்டில், கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

மிஷினை இரும்பு ஸ்டாண்டில் போல்ட் போட்டு இறுக்காமல், கல்லைத் தூக்கி வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. சுற்றச் சுற்ற அது நகரும். குழாயின் வாய்க்கும் முந்தைய சுருளுக்கும் உள்ள நேர் தவறினால் புதுச் சுருளின் முனை கண்ணுக்குள் நுழையாமல் மேலே ஏறிவிடும். இதுதான் கண் தவறுவது. வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டால் கையால் பின்னோக்கித் திருகி எடுத்து மறுபடி விடலாம். பத்துச் சுருள் தாண்டிப் பார்த்தால் பத்தையும் கழற்றவேண்டும். சுருள் வந்து சேரும் மேசைப் பக்கம் நிற்கிற ஆளின் முக்கிய வேலையே இதைக் கவனிப்பதுதான். அவரை ஃபோன் பார்க்கவிட்டால் கதை முடிந்தது. முனையைப் பிசிறில்லாமல் வெட்டினால் சிக்கல் பாதி குறையும்.

ஓரம் ஏற்ற இறக்கமாக வருவதற்குக் காரணம், நிறுத்தும் இடம். 20 சுற்று என்று எண்ணினால் மட்டும் போதாது. கைப்பிடி ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் நிற்கவேண்டும். ஒருமுறை மேலே, ஒருமுறை பக்கவாட்டில் என்று நின்றால் வெட்டும் முனை கண்ணின் வேறு வேறு இடத்தில் விழும்; பக்கத்துச் சுருளோடு சேர்த்து மடக்க நீளம் பற்றாது. ஸ்டாண்டில் ஒரு பெயிண்ட் கோடு, கைப்பிடியில் ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

முனையும் பாதுகாப்பும்

முனையை மடக்காமல் விட்ட வலை வேலியே அல்ல. ஒரு சுருளைத் திருகி உருவினால் வேலி இரண்டாகப் பிரிந்துவிடும்; திருட வருகிறவருக்கு கட்டர்கூட வேண்டாம். மேலே இரண்டு முனைகளையும் முறுக்கி முள்போல நிறுத்தும் வழக்கமும் உண்டு. ஆடு மாடு உள்ள இடத்திலும், குழந்தைகள் நடமாடும் இடத்திலும் அது வேண்டாம். இரண்டு பக்கமும் மடக்கிவிடுங்கள்.

மிஷின் ஓடும்போது சுருள் சுற்றிக்கொண்டே வெளியே வருகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஐந்தடி ஆறடி நீளத்தில், நுனியில் புதிதாக வெட்டிய கூர் முனையோடு, அது மேசையின் கடைசிவரை சுழன்றுகொண்டே போகிறது. தோட்டத்தில் மிஷினைப் போட்டால் வேடிக்கை பார்க்க முதலில் வருவது சிறுவர்கள். அவர்கள் நிற்பதும் சரியாக அந்த முனைக்கு எதிரில்தான். விரட்டிவிடுங்கள். அதைவிட ஆபத்து பண்டலைப் பிரிக்கும் நேரம். பண்டலைக் கட்டியிருப்பதை வெட்டியதும் கம்பி நுனி விசையோடு எகிறும். அது நேரே கண்ணுக்கு வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு, நுனியைக் காலால் மிதித்துப் பிடித்தபடி வெட்டவேண்டும். கையுறை அந்த நேரத்தில் அவசியம். சுற்றுகிற பிளேடு பக்கத்தில் கை வைக்கும்போது தொளதொள கையுறை கூடாது. துண்டு, வேட்டி நுனி, துப்பட்டா எதுவும் தொங்கக்கூடாது.

ரோலைச் சுற்றிய பிறகு

மழையில் நனைந்த ரோல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தார்ப்பாயால் மூடி வைப்பது நல்ல எண்ணத்தில் செய்கிற தவறு. காற்றுப் புகாத ஈரத்தில் துத்தநாகம் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். கட்டையின்மேல் நிறுத்தி வைத்து, காயவிட்டு மூடுங்கள்.

அளவுச் சண்டை இந்தத் தொழிலில் சகஜம். வலை தரையில் தளர்ந்து கிடக்கும்போது ஒரு நீளம், இழுத்துப் பிடித்தால் வேறு நீளம். பிடித்து இழுத்தால் நீளம் கூடும்தான். அளவு மீறி இழுத்தால் கண் கோணி உயரம் குறையும். எந்த நிலையில் அளப்பது என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். எடைக்கு விலை என்றால் இந்தச் சண்டையே இல்லை. அதனால் எனக்கு எடைக் கணக்குதான் பிடிக்கும். ஆனால் கேட்கிறவர்கள் சதுர அடிக்குத்தான் கேட்பார்கள். அப்படியானால் சதுர அடிக்கு எத்தனை கிராம் என்பதைக் கணக்கிட்டே விலை சொல்லுங்கள்: 10 கேஜ், 2 இன்ச் கண் என்றால் முனை மடிப்பு சேர்த்துச் சுமார் 240 கிராம், அதே கம்பியில் 3 இன்ச் கண் என்றால் 160 கிராம் அளவில் வரும். வெட்டுத் துண்டுச் சேதாரம் தனி.

இரண்டு ரோலைச் சேர்க்கும் இடத்தில் கட்டுக் கம்பி போட்டுக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் துருப்பிடித்து அறுவது அதுதான். தனியாக ஒரு சுருளை எடுத்து இரண்டு ரோலின் ஓரக் கண்களுக்குள்ளும் திருகி ஏற்றினால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. இதற்கு இரண்டு ரோலும் ஒரே திசையில் முறுக்கிய சுருளாக இருக்கவேண்டும். வேறு மிஷினில் பின்னிய ரோலோடு சேர்க்கும்போது ஒரு துண்டை வைத்து முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். அந்த மிஷினின் குழாய் எதிர்த் திசைப் பள்ளம் கொண்டதாக இருந்தால் எத்தனை திருகினாலும் ஏறாது. அந்த இடத்தில் ஒரு தூணை நட்டு, இரண்டு ஓரத்தையும் தனித்தனியாக அதில் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.